இஸ்திரித் துணிக்கு அடியில் ஒரு டைப்ரைட்டர்

(எங்கள் வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.)

தலைமை வகிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா அவர்களே, மகன் வீட்டுக் கிரகப்பிரவேச வேலைகளுக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மைக் செட்டுக்குக் காசு வேண்டாம் என்று அடம்பிடிக்கும் ஒலிபெருக்கிக் கடைத் தம்பி அவர்களே, சுண்டல் செலவை ஏற்றுக்கொண்ட மருந்துக்கடை அண்ணன் அவர்களே, நம் நூலகர் அவர்களே (உங்களிடம் பின்னால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது), அனைவருக்கும் வணக்கம். போன மாதம் பொன்னாடை விட்டுப்போன புலவர் ஐயாவுக்கு இன்று முதலில் போர்த்தியாகிவிட்டது. அந்த மனக்குறை தீர்ந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. எந்தக் கூட்டத்திலும் இந்தப் பழமொழி இல்லாமல் நான் இறங்க மாட்டேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். இன்று அது முதல் வரியிலேயே வந்துவிட்டது.

மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, ஹுவானிட்டா புரூக்ஸ் என்ற ஒரு பள்ளி ஆசிரியை. இரண்டு, எகிப்துப் பாபிரஸ் (நாணல் தாள்) சுருள். மூன்று, கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை மறுக்கப்பட்ட குருத்துவம். மூன்றும் அமெரிக்காவின் மார்மன் சபையைப் பற்றியவை. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது. பிறகு மேற்கே நகர்ந்து யூட்டாவில் வேரூன்றியது. மகள் அங்கே வேலையில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது நான்கு மாதம் இருந்தேன். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அந்தச் சபைதான். காப்பி, டீ தொட மாட்டார்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். நாங்கள் குடிபோன அன்றே ரொட்டியோடு வந்து நின்ற நல்ல மனிதர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். அன்று யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம். ஒரு தடவை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "இந்தச் சபை உண்மையானது என்று நான் அறிவேன்" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். நம்புகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை, எல்லாருமே அறிவேன்தான். சின்னப் பையன் ஒருவன், அம்மா காதில் ஓத ஓத, அதையே சொல்லிவிட்டு இறங்கினான். "அறிவேன்" என்பதே வழக்கமாகிவிட்ட இடத்தில் "எனக்குச் சந்தேகம்" என்று எழுந்து நிற்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், பாருங்கள். 1945-இல் அந்தச் சபையின் பத்திரிகையிலேயே அச்சாயிற்று: தலைவர்கள் பேசிவிட்டால் யோசிக்கிற வேலை முடிந்தது என்று. வேறொரு சபையின் போதகர் இதென்ன என்று கேட்டதற்கு, அப்போதைய தலைவர் ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித், அது எங்கள் நிலைப்பாடு அல்ல என்று பதில் எழுதினார். சரிதான். ஆனால் அச்சில் வந்தது வீடு வீடாகப் போயிற்று, மறுப்பு ஒரு கடித உறைக்குள் போயிற்று.

ஹுவானிட்டாவுக்கு வருகிறேன். 1919. நெவாடாவில் மெஸ்கீட் என்று ஒரு சின்ன ஊர். இருபத்தொரு வயது டீச்சர். ஒரு நாள் சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் நெபி ஜான்சன் என்ற கிழவர் வந்தார். சபையில் ஆசி வழங்கும் முதுபெரும் பெரியவர். ஊரே எழுந்து நிற்கும். "அம்மா, நீ எனக்குக் கொஞ்சம் எழுதித் தர வேண்டும். என் நாக்கு சொல்லாத விஷயங்களை என் கண் பார்த்திருக்கிறது. சாவதற்குள் எழுதிவைக்க வேண்டும்" என்றார். டீச்சரம்மா என்ன செய்திருப்பார்? நீங்களும் நானும் செய்வதைத்தான். "வருகிறேன் தாத்தா" என்றார். இன்று நேரமில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நாள் போயிற்று.

அப்புறம் சேதி வந்தது, கிழவருக்கு முடியவில்லை, அந்தச் சின்ன டீச்சரைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று. குதிரையில் ஏறிப் போனார். போய்ச் சேர்ந்தபோது கிழவருக்கு நினைவு தப்பிவிட்டது. ஜெபம் செய்கிறார், பாடுகிறார், செவ்விந்தியர் மொழியில் ஏதோ பேசுகிறார். திடீரென்று கண்ணை விரித்து உத்தரத்தைப் பார்த்து "ரத்தம்! ரத்தம்! ரத்தம்!" என்று கத்துகிறார். பக்கத்தில் இருந்தவரிடம், இவருக்கு என்ன என்று கேட்டார் டீச்சர். "மவுண்டன் மெடோஸ் படுகொலையில் இருந்தவர்" என்று பதில் வந்தது. அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த டீச்சருக்கு, இந்தப் பெரியவர் அங்கே இருந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தது இதுதான். 1857 செப்டம்பர் 11. ஆர்கன்சா மாநிலத்திலிருந்து கலிபோர்னியாவுக்கு மாட்டுவண்டிகளில் போன குடும்பங்களை தெற்கு யூட்டாவில் முற்றுகையிட்டு, வெள்ளைக்கொடி காட்டி, பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்று வெளியே அழைத்து, ஏறக்குறைய 120 பேரை உள்ளூர் மார்மன் படையினர் கொன்றார்கள். கூடச் சில பையூட் பழங்குடியினரும் இருந்தார்கள். விவரம் தெரியாத வயது என்று 17 குழந்தைகளை மட்டும் விட்டார்கள். பழி பழங்குடியினர் தலையில் விழுந்தது. இருபது வருஷம் கழித்து ஜான் டி. லீ என்ற ஒரே ஒருவரை, அதே இடத்தில், சவப்பெட்டி மேல் உட்காரவைத்துச் சுட்டார்கள். கணக்கு முடிந்தது என்றார்கள். முழுப் பூசணிக்காய்!

ஹுவானிட்டா இதை எழுத உட்கார்ந்தபோது வீடு நிறையப் பிள்ளைகள். கணவர் ஷெரீஃபாக இருந்தவர். செயின்ட் ஜார்ஜ் ஊரில் கதவைத் தட்டாமல் உள்ளே வரும் அக்கம்பக்கம். இந்த அம்மா டைப்ரைட்டர் பக்கத்தில் இஸ்திரிப் பலகையை விரித்துவைத்திருப்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் துணிக்குவியலை எடுத்து மிஷின் மேல் போட்டுவிட்டு இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார். (இதைக் கேட்டுச் சிரிக்கும் பெண்களுக்கு இது புதிதல்ல என்று தெரிகிறது.) சபைத் தலைமை அலுவலகத்தில் இருந்த வாக்குமூலங்களைப் பார்க்கக் கேட்டார். காட்டவில்லை. இருந்தும் 1950-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பாகப் புத்தகம் வந்தது. நான் சேர்ந்திருக்கும் சபைக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் போதாது என்று முன்னுரையில் எழுதினார். அவரை நீக்கவில்லை. கண்டும் காணாமல் ஒதுக்கினார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க்கொண்டிருந்தார். 1961-இல் சபை லீயின் உறுப்பினர் தகுதியைச் சத்தமில்லாமல் திருப்பித் தந்தது. அச்சிடாதே என்றார்கள். இந்த அம்மா, தான் எழுதிய லீ வாழ்க்கை வரலாற்றின் அடுத்த பதிப்பில் அச்சிட்டுவிட்டார்.

2007-இல் அந்தப் புல்வெளியில் நடந்த 150-வது ஆண்டு நினைவுக்கூட்டத்தில் சபையின் மூத்த தலைவர் ஒருவர் வருத்த அறிக்கை வாசித்தார். புத்தகம் வந்து 57 வருஷம். ஹுவானிட்டா 1989-இலேயே போய்விட்டார். அந்த இடத்துக்கு என்னை மருமகன் கூட்டிப்போனார். கற்குவியல் ஒன்று, சுற்றிலும் புல், காற்று. அவ்வளவுதான்.

இவ்வளவையும் எதை வைத்து எழுதினார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1930-களில், வேலையில்லாதவர்களுக்கு அரசு கொடுத்த நிவாரணப் பணத்தில், ஊர்ப் பெண்களை உட்காரவைத்து, பெட்டிகளில் கிடந்த தாத்தா பாட்டி டைரிகளை இரவல் வாங்கி டைப் அடிக்கவைத்தவர் இவர். கையில் காகிதம் இருந்ததால்தான் கேள்வி நின்றது. காகிதம் இல்லாமல் கேட்டிருந்தால் வாயாடி என்று உட்காரவைத்திருப்பார்கள்.

நூலகர் ஐயா, இப்போது உங்களிடம் வருகிறேன். நம் நூலகத்தின் பின்கட்டு அறை எத்தனை வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது? பழைய பேரூராட்சிப் பதிவேடுகள், நின்றுபோன உள்ளூர் வாரப் பத்திரிகையின் பைண்டு, கோயில் நுழைவுத் தகராறின்போது அடித்த நோட்டீஸ்கள் எல்லாம் அதற்குள் இருப்பதாகப் போன நூலகர் என்னிடம் சொன்னார். சாவி மேலிடத்தில் இருக்கிறது என்கிறீர்கள். மேலிடம் உங்களிடம் இருக்கிறது என்கிறது. கரையான் யாரிடமும் சாவி கேட்பதில்லை. நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது, நன்றி. இரண்டு டிகிரி முடித்த பிள்ளைகள் நாலு பேருக்கு மூன்று மாதச் சம்பளமும் ஒரு ஸ்கேனரும் போதும். பூசணிக்காய் எதுவும் இல்லை என்றால் திறப்பதில் என்ன பயம்?

இரண்டாவது விஷயம், பாபிரஸ். நேரமாகிவிட்டது, ஒரே மூச்சில் சொல்கிறேன். ஜோசப் ஸ்மித் காலத்தில் 1835-இல் வாங்கிய சுருள்கள். பைபிளில் வரும் ஆபிரகாமின் எழுத்து என்று மொழிபெயர்த்தார். தொலைந்துவிட்டன என்றிருந்த துண்டுகள் 1966-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அகப்பட்டன. படித்துப் பார்த்த எகிப்தியவியலாளர்கள், இறந்தவர்களோடு வைக்கும் ஈமச்சடங்கு ஏடு என்றார்கள். ஆபிரகாம் பேரே அதில் இல்லை. சபையும் இதை இன்று தன் கட்டுரையிலேயே ஒத்துக்கொண்டு, வேறுவிதமாக விளக்கம் சொல்கிறது. விளக்கம் பொருந்துகிறதா என்பதை...

அம்மா மணி அடித்துவிட்டார்கள். 1978 அடுத்த கூட்டத்துக்கு.

அறையைத் திறக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. இதுவரை 63 கையெழுத்து. வீட்டில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் அவர்கள் பெயரையும் ஓரமாக எழுதுங்கள், நானே நோட்டோடு வருகிறேன், இந்த வாரமே. பேனாவை மட்டும் திருப்பி வைத்துவிடுங்கள். போன தடவை மூன்று போயிற்று.