கூடாரத்துக்கு வெளியே பாடியது எது?

அவையோர்க்கு வணக்கம். முதுகுப்பையைச் சுமந்து நாள்கணக்கில் காட்டிலும் மலையிலும் நடப்பவர்கள், திரும்பி வந்ததும் பறவை ஆர்வலர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: விடியும் முன்னே ஒரு பறவை அழகாகப் பாடியதே, அது எது? எப்படிப் பாடியது என்று திருப்பிக் கேட்டால், "புல்லாங்குழல் மாதிரி" என்பார்கள். இந்த விடையால் அநேகமாகப் பயனில்லை. குரலின் இனிமை நம் நினைவில் தங்குகிறது. பாட்டின் அமைப்பு சில மணி நேரத்திலேயே கலைந்துவிடுகிறது. ஆனால் பறவையைக் காட்டிக்கொடுப்பது அந்த அமைப்புதான்.

வட அமெரிக்கக் காடுகளின் பூங்குருவிகளைப் பாருங்கள். பெரும்பாலும் இலைமறைவில் இருந்தபடியே பாடுபவை அவை. ஹெர்மிட் பூங்குருவி ஒரு சுரத்தை நீட்டிப் பிடித்துவிட்டுப் பிறகே விரைந்த சுரங்களை உதிர்க்கும். அடுத்த அடியை வேறு சுருதியில் தொடங்கும். ஸ்வெயின்சன் பூங்குருவியின் பாட்டு சுழன்று சுழன்று மேலேறும். மேற்குப் பகுதியின் ஈரக்காடுகளில் வாழும் வேரீட் பூங்குருவியோ ஒற்றை நீண்ட சீழ்க்கையோடு நின்று, சில விநாடி மௌனத்துக்குப் பின் வேறொரு சுருதியில் இன்னொன்றை எழுப்பும். மூன்றையும் "குழலோசை" என்று சொல்லிவிடலாம். முதல் சுரத்தின் நீளத்தையும், சுருதி ஏறியதா இறங்கியதா என்பதையும், இடைவெளியையும் கேட்ட இடத்திலேயே குறித்தவருக்கு மட்டுமே அவை வெவ்வேறாகும். தாளில் கோடாக வரைந்துகொள்வது இன்னும் நல்லது. நேரத்தைக் கிடைமட்டத்திலும் அதிர்வெண்ணைச் செங்குத்திலும் காட்டும் ஒலிவரைபடம் செய்வதும் அதைத்தானே!

ஒரே நேரத்தில் இரண்டு குரல் கேட்டால், இரண்டு பறவைகள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பறவையின் குரலுறுப்பு மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் அமைந்திருக்கிறது. அதன் இரு பக்கங்களும் தனித்தனியே ஒலிக்க வல்லவை. மறுபுறம், கேட்டது பறவைதானா என்ற ஐயமும் தேவை. ஐரோப்பாவில் ஸ்காப்ஸ் ஆந்தையின் ஒற்றைக் கூவலையும், முட்டைச்சரத்தைப் பின்னங்கால்களில் சுற்றிச் சுமக்கும் ஒருவகைத் தேரையின் குரலையும் பழகிய காதுகளே குழப்பிக்கொள்வதுண்டு. பிற பறவைகளின் குரலை அப்படியே பாடிக்காட்டும் துடுப்புவால் கரிச்சானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2021 முதல் ஒலியைக் கேட்டும் பெயர் சொல்கிறது. நீங்கள் செல்லும் பகுதிக்குரிய தொகுப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் அலைபேசித் தொடர்பற்ற இடத்திலும் அது இயங்கும். பலருக்கு இது மலையேறிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. செயலி தரும் பெயரை ஊகமாகவே கொள்ளுங்கள். அந்த இனம் அந்த உயரத்தில், அந்த மாதத்தில், அத்தகைய காட்டில் இருக்கக்கூடியதா என்று பார்த்த பிறகே ஏற்கலாம். பறவையை வெளியே வரவழைக்க அதன் குரலை அதற்கே ஒலிக்கவிடுவது மட்டும் கூடாது. இனப்பெருக்கக் காலத்தில் அது தன் எல்லைக்குள் எதிரி நுழைந்ததாக எண்ணிக் கூட்டை விட்டு அலைக்கழியும்.

எப்படியும் பெயர் பிடிபடவில்லையா? நடையை நிறுத்தி, பையின் உரசலும் அடங்கிய பின் பதிவுசெய்த ஒலியை, இடமும் தேதியும் சேர்த்து, 2005-இல் தொடங்கப்பட்ட ஜீனோ-கேன்டோ ஒலிக்களஞ்சியத்தில் ஏற்றுங்கள். அடையாளம் தெரியாத குரல்களுக்கென்றே அங்கே தனிப்பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியின் பறவைகளை நன்கறிந்தவர்கள் அதைக் கேட்டுப் பெயர் சொல்லக்கூடும்.