தோட்டமும் வீடும் என்ன விலை பெறும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்தில் ஒரு சின்ன வீடு. அதை ஒட்டி இரண்டு மூன்று ஏக்கர் நிலம், ஒரு கிணறு, கொஞ்சம் மரங்கள். இதை விற்கவோ, உடன்பிறந்தவர்கள் பிரித்துக்கொள்ளவோ வேண்டிய நிலை வந்ததும், "பக்கத்து நிலம் ஏக்கர் என்ன விலைக்குப் போனது?" என்று விசாரிக்கிறோம். வந்த பதிலை நம் பரப்பால் பெருக்கிவிடுகிறோம். அவ்வளவுதான் கணக்கு என்று நினைக்கிறோம். நிலம் மதிப்பிடுவதே என் தொழில். இந்த ஒற்றைப் பெருக்கலை நம்பி நஷ்டப்பட்ட குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இன்று இதைப் பேச வந்தேன்.

பக்கத்து நிலத்தின் விலையைக் கேட்பது தவறில்லை. அங்கிருந்துதான் தொடங்கவும் வேண்டும். ஆனால், சொன்ன விலையா, உண்மையில் கைமாறிய விலையா? யார் வாங்கியது? வரப்பை ஒட்டிய நிலத்துக்காரர் வாங்கியிருந்தால், தன் நிலத்தோடு சேர்ந்துவிடும் என்பதற்காகக் கூடுதலாகவே கொடுத்திருப்பார். சொந்தத்துக்குள் கைமாறியிருந்தால் குறைந்திருக்கும். கடன் நெருக்கியதால் அவசரமாக விற்றிருந்தால் அதுவும் சந்தை விலை ஆகாது. வாங்குபவர், விற்பவர் இருவருமே விவரம் தெரிந்து, கட்டாயம் ஏதுமின்றி, போதிய அவகாசம் எடுத்துச் செய்த வியாபாரத்தில் வரும் விலையைத்தான் சந்தை மதிப்பு என்கிறோம்.

சரி, அப்படி நான்கைந்து நல்ல கிரயங்கள் கிடைத்துவிட்டன. அடுத்து, அவற்றை நம் நிலத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த நிலம் சாலையோரம், நம்முடையது உள்ளே தள்ளி இருக்கிறது என்றால் எவ்வளவு குறைப்பது? குத்துமதிப்பாகக் குறைக்காதீர்கள். மண், நீர், பரப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, சாலை மட்டும் வேறுபடுகிற இரண்டு கிரயங்களைத் தேடுங்கள். அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம்தான் அந்த ஊரில் சாலைக்கு இருக்கும் விலை. நீருக்கும் இப்படியே பார்க்கலாம். பரப்பையும் மறக்க வேண்டாம். சிறிய நிலத்தை வாங்க ஆட்கள் அதிகம். அதனால் ஏக்கர் கணக்கில் அது பெரும்பாலும் கூடுதலாகவே போகும். அரை ஏக்கர் போன விலையை ஐந்து ஏக்கருக்குப் போட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

பாதையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தோட்டத்தை மதிப்பிட்டேன். நல்ல மண், கிணற்றில் தண்ணீர், வண்டி போகிற அளவுக்குப் பாதை. மனநிறைவோடு ஒரு தொகையை எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாதை பக்கத்து நிலத்துக்காரருடையது என்பதும், பத்திரத்தில் வழியுரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதும் பிறகுதான் தெரிந்தது. வாங்க வந்தவர் விலகிக்கொண்டார். என் தொகையை நம்பி வேறு இடத்துக்கு முன்பணம் கொடுத்திருந்த அந்தக் குடும்பம் தவித்துப்போனது. தவறு என்னுடையதுதான். அன்றிலிருந்து நிலத்தில் கால் வைக்கும் முன் பத்திரத்தைப் படிக்கிறேன். எல்லை, வழியுரிமை, நீர் எடுக்கும் உரிமை, அடமானம், குத்தகை இவையெல்லாம் தெளிவாகாமல் எந்தத் தொகையும் சொல்வதில்லை.

தண்ணீரைக் கோடையில் போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். அப்புறம், கிணறு வெட்ட ஆன செலவு வேறு, அதனால் கூடும் மதிப்பு வேறு. செலவு எவ்வளவு ஆகியிருந்தாலும், தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். வீட்டுக்கும் இதே நியாயம்தான். ஆசைப்பட்டுக் கட்டிய வீடாக இருக்கலாம். அதில் குடியிருக்க வருபவர் அதற்கு என்ன தருவார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வீட்டையும் அதைச் சுற்றிய இடத்தையும் ஒரு கணக்காகவும், மீதி நிலத்தைத் தனிக் கணக்காகவும் போடுவது நல்லது.

கடைசியில், வருமானத்தை வைத்து ஒருமுறை சரிபார்க்கலாம். அந்தப் பகுதியில் நிலங்கள் தங்கள் விலையில் ஆண்டுக்கு 4 சதவீதம் குத்தகை தருகின்றன என்று வையுங்கள். 100-ஐ 4 ஆல் வகுத்தால் 25; ஆகவே உங்கள் நிலத்தின் ஆண்டுக் குத்தகையை 25 ஆல் பெருக்கினால் அதன் மதிப்பு வரும். நீங்களே உழுதால் சராசரி மகசூலை எடுங்கள், நல்ல விளைச்சல் வந்த ஓர் ஆண்டை மட்டும் எடுக்காதீர்கள். அந்த வருமானத்திலிருந்து சாகுபடிச் செலவோடு குடும்பத்தாரின் உழைப்புக்கும் கூலி கழித்து, மிஞ்சுவதைக் குத்தகையின் இடத்தில் வையுங்கள். அந்தக் கூலியைக் கழிக்காமல்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். குடியிருக்க ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் அதிகமாக உள்ள இடத்தில் இந்தத் தொகை சந்தை விலையைவிடக் குறைவாகவே வரும். ஆகவே இதைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, இதிலிருந்து இதுவரை என்று ஒரு வரம்பை எழுதி, பக்கத்தில் தேதியையும் போட்டுவையுங்கள். சில மாதங்கள் கழித்து விற்பதாக இருந்தால், இடையில் நடந்த புதிய கிரயங்களைச் சேர்த்து மறுபடி பாருங்கள்.

நன்றி. வணக்கம்.