வெண்சங்கின் நிறம் சிவப்பா? இந்தக் கேள்வியில் தொடங்கும் இருபது ஆண்டுத் தத்துவப் படிப்பு

வணக்கம். "வெண்சங்கின் நிறம் சிவப்பு, ஏனென்றால் அது ஒரு நிறம்." ஒருவர் உங்கள் எதிரே நின்று, ஓங்கிக் கைதட்டி இப்படிச் சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? கர்நாடகத்தின் முண்டகோட்டிலும் பைலகுப்பேயிலும் உள்ள திபெத்திய மடாலயங்களில் இளம் துறவிகள் தருக்கம் பயிலத் தொடங்குவது இத்தகைய கேள்விகளில்தான். அங்கிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளைக் கடந்து அவர்கள் சென்றடையும் பட்டத்துக்குக் கெஷே என்று பெயர். பல்கலைக்கழகங்கள் வழங்கும் முனைவர் பட்டத்தோடு அதை ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். அந்தச் சொல்லுக்கோ 'கல்யாண மித்திரர்', அதாவது நல்வழி காட்டும் நண்பர், என்பதே பொருள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லாசா நகருக்கு அருகே நிறுவப்பட்ட காண்டன், திரேபுங், செரா ஆகிய மூன்று மடாலயங்களின் துறவிகள் பலர் 1959இல் இந்தியாவுக்கு அடைக்கலம் தேடி வந்தார்கள்; வங்கத்தின் பக்சா முகாமில் சில ஆண்டுகள் துன்பப்பட்டுப் படிப்பைத் தொடர்ந்து, பின்னர் கர்நாடகத்தில் அதே பெயர்களில் மடாலயங்களை மீண்டும் எழுப்பினார்கள்.

பாடத்திட்டத்தின் நடுவில் ஐந்து பெருநூல்கள் இருக்கின்றன. அளவையியல் எனும் தருக்கத்துக்குத் தர்மகீர்த்தி, எதற்கும் தனித்த இயல்பு இல்லை என்று ஆராயும் மத்தியமகத்துக்குச் சந்திரகீர்த்தி, மனத்தையும் உலகையும் பகுத்து ஆராயும் அபிதர்மத்துக்கு வசுபந்து என ஐந்துமே சமஸ்கிருதத்தில் தோன்றித் திபெத்திய மொழிக்குச் சென்றவை. அவற்றை மனப்பாடம் செய்வது முதற்படி மட்டுமே. மனப்பாடம் செய்த ஒவ்வொரு வரியையும் வாதமுற்றத்தில் நின்று காப்பாற்ற வேண்டும். என்னை இந்தப் படிப்பின்பால் ஈர்த்தது அந்த முற்றம்தான். ஆகவே அங்கே சற்று நின்று பார்ப்போம்.

விடை சொல்பவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். கேள்வி கேட்பவர் அவர்முன் நிற்கிறார். இடக்கையில் ஜெபமாலை தொங்குகிறது. அறிவின் வடிவமான மஞ்சுசிறீயை நினைந்து 'தீ' என்ற ஓரெழுத்து மந்திரத்தை உரக்கச் சொல்லித் தொடங்குகிறார். கேள்வியை முடிக்கும் கணத்தில் இடக்காலைத் தரையில் ஓங்கி ஊன்றி, வலக்கையால் இடக்கையில் அறைகிறார். பிறகு இடக்கை கீழ்நோக்கி நீண்டு நிற்க, வலக்கை பின்னோக்கி உயர்கிறது. இடக்கை தீய பிறவிகளின் வாயிலை அடைக்கிறது என்றும், வலக்கை துன்புறும் உயிர்களை மேலே தூக்குகிறது என்றும் விளக்கம் சொல்கிறார்கள். ஒரு கேள்விக்குள் இவ்வளவு கருணையை வைத்த மரபை நினைக்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அமர்ந்திருப்பவர் நீண்ட சொற்பொழிவு ஆற்ற முடியாது. "ஒப்புக்கொள்கிறேன்", "ஏன்?", "காரணம் பொருந்தவில்லை", "வியாப்தி இல்லை" (அதாவது, அந்தக் காரணத்திலிருந்து அந்த முடிவு வராது) என்ற நான்கு விடைகளுக்குள்ளேயே பெரும்பாலும் அவர் நிற்க வேண்டும். இப்போது வெண்சங்குக்கு வருவோம். அது நிறம் என்ற காரணம் சரியானதுதான். அதை மறுத்தால் அகப்பட்டுக்கொள்வீர்கள். நிறமாக இருப்பதெல்லாம் சிவப்பாக இருந்தாக வேண்டும் என்ற தொடர்பு மட்டுமே பொய். ஆகவே சரியான விடை "வியாப்தி இல்லை" என்பதே. தொடர் கேள்விகளில் சிக்கித் தாம் முன்பு சொன்னதையே மறுத்துவிட்டால், "ட்சா!" என்ற முழக்கம் எழும்.

இதைக் கேட்கும் தமிழருக்கு ஒரு நெருக்கமான செய்தி உண்டு. தர்மகீர்த்திக்கு முன்னோடியான திக்நாகர் காஞ்சிக்கு அருகில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று கற்பிக்கும் பௌத்த அளவையியல் திக்நாகரின் மரபோடு நெருங்கிய ஒப்புமை உடையது. அந்தப் பாடம் நடக்கும் இடமும் காஞ்சியே. நம் காப்பியத்தில் நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் அந்தக் காதையின் உறவுக் கல்வி, முண்டகோட்டு முற்றத்தில் இன்றும் உரத்த குரலில் நடக்கிறது.

கெஷே பட்டங்களுள் மிக உயர்ந்தது லாராம்பா. ஐந்து நூல்களையும் முடித்தவர்கள் அதற்காக மேலும் ஆறு ஆண்டுகள் தேர்வெழுதி வாதிட வேண்டும். பதினான்காம் தலாய் லாமாவும் 1959இல் லாசாவில், மோன்லாம் எனும் வேண்டுதல் பெருவிழாவில் கூடியிருந்த அறிஞர்கள் முன்னிலையில் வாதிட்டே இந்தப் பட்டம் பெற்றார். சில வாரங்களில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜார்ஜ் டிரேஃபஸ் 1985இல் லாராம்பா ஆனார். மேலைநாட்டவருள் அதைப் பெற்ற முதல்வர் அவர். பின்னர் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நெடுங்காலம் ஆண்களுக்கே உரியதாயிருந்த கெஷே தகுதியை 2016 டிசம்பரில் முண்டகோட்டில் 20 திபெத்தியப் பிக்குணிகள் கெஷேமா என்ற பெயரில் பெற்றார்கள். அது எப்போதோ நடந்திருக்க வேண்டியது என்பது என் உறுதியான கருத்து.

மத நிறுவனத்தில் தத்துவம் படித்தால் கேள்வி கேட்க விடுவார்களா என்று ஐயப்படுவோர் உண்டு. இங்கே தம் சொந்த மறைநூலின் கருத்தையே எதிர்த்து, நாள்தோறும், பல மணிநேரம் வாதிடாமல் எவரும் பட்டம் பெற முடியாது.

இப்போது உங்கள் முறை. வெள்ளைக் குதிரை வெள்ளையா? ஆம் என்றால், வெண்மை ஒரு நிறம் என்பதால் குதிரையும் ஒரு நிறமாகிவிடும் என்று எதிரே நிற்பவர் கைதட்டுவார். உங்கள் விடையையும் அதற்கான காரணத்தையும் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்து, உங்களிடம் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்.