டெக்கில் போனவர்கள்

(பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சுப் போக்கைப் பெரிதாக மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

அவையில் இருக்கிற பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பின்வரிசைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் "பழைய பயணிக் கப்பல்கள்" என்று பார்த்ததும், வ.உ.சி.யைப் பற்றிய பேச்சு என்று நினைத்துப் பாதிப்பேர் வந்திருப்பீர்கள். நியாயம்தான். திருநெல்வேலிச் சீமையில் கப்பல் என்றால் வேறு யார் நினைவுக்கு வருவார்? அவரைத் தொடாமல் நானும் போக முடியாது. ஆனால் கப்பல் விட்டவரைப் பற்றி நூறு மேடையில் பேசியாகிவிட்டது. அதில் ஏறிப்போன ஆளைப் பற்றி ஒரு மேடையிலாவது பேசுவோமே என்றுதான் வந்திருக்கிறேன். அவர் கையில் என்ன இருந்தது, கழுத்தில் என்ன தொங்கியது, அதெல்லாம் இப்போது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்பதுதான் என் கவலை.

முதலில் கடலைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக் கரையோரம் ஆழமில்லாதது. பெரிய கப்பல் வந்து அணைகிற இன்றைய துறைமுகம் 1974-இல்தான் பெருந்துறைமுகம் ஆனது. அதற்கு முந்தைய காலத்தில் ஸ்டீமர் கரைக்கு வராது. சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களை நீராவிப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அங்கே சேர்க்க வேண்டும். சரக்கு மூட்டைகள் தோணியில் போகும். காற்றுக் காலத்தில் ஆடுகிற படகிலிருந்து கப்பலின் ஏணிக்குக் கால் மாற்றுவது, அதுவரை கடலையே பார்த்திராத கரிசல் காட்டுக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்! பயணத்தில் பாதிப் பயம் அந்த ஏணியிலேயே தீர்ந்திருக்கும், இல்லையென்றால் அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

அப்படியொரு வசதி கெட்ட கடலில் எதற்கு அத்தனை கப்பல்? காரணம் நம் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. கொழும்பில் 1885-இல் பெரிய அலைதடுப்புச் சுவர் முடிந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகிற கப்பல்கள் எல்லாம் கொழும்பில் நின்று நிலக்கரி ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கின. இந்தப் பக்கம் 1876-இலேயே மதுரையிலிருந்து மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. சென்னையில் ரயிலேறித் தூத்துக்குடியில் இறங்கி, அங்கே கப்பலேறி ஓர் இரவைக் கழித்தால் விடிகிறபோது கொழும்பு. போட் மெயில் என்ற பெயரே அப்படி வந்ததுதான். இன்றைக்குப் போட் மெயில் என்றால் எல்லாரும் ராமேசுவரத்தை நினைக்கிறார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் அது தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. அதற்கு முன்பு அது நம்ம ஊர் ரயில். இதை ராமநாதபுரத்து நண்பர்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்வது என் வழக்கம்.

அந்தக் கடல் வழியைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. சுருக்கமாக பி.ஐ. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே கப்பல் விடத் தொடங்கி, 1862-இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள். கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளை வளையம் இருந்தால் அது பி.ஐ. கப்பல். பழைய போட்டோக்களில் கப்பலின் பெயர் தெரியாவிட்டாலும் இந்த வளையத்தை வைத்துக் கம்பெனியைச் சொல்லிவிடலாம்.

முதல் வகுப்பில் துரைமார்களும் வக்கீல்களும் போனார்கள். அவர்கள் குறிப்பு எழுதினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கப்பல் சாப்பாட்டு அட்டையைக்கூடப் பத்திரப்படுத்தினார்கள். உலகம் முழுக்கக் கப்பல் நினைவுப் பொருள் என்று சேகரிப்பது பெரும்பாலும் இவைதான்: முத்திரை போட்ட பீங்கான் தட்டு, வெள்ளிக் கரண்டி, மணி, கொடி. நான் குறை சொல்லவில்லை, அழகான பொருள்கள். ஆனால் கப்பல் கம்பெனி வாழ்ந்தது டெக் பயணிகளால். மேல்தளத்தில் பாயை விரித்து, கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டு, வெயிலுக்கும் மழைக்கும் மேலே கட்டிய கித்தானே கதி என்று போனவர்கள் அவர்கள். அதில் பெருங்கூட்டம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஜனம். சின்ன வியாபாரிகளும் உண்டு.

தூத்துக்குடி ரயிலில் போகிறவர்கள் தட்டப்பாறை ஸ்டேஷனைக் கவனித்திருப்பீர்கள். இல்லை, கவனித்திருக்க மாட்டீர்கள். வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் தெரியாத ஊர். அங்கேதான் இலங்கை அரசாங்கத்தின் முகாம் இருந்தது. பிளேக்கும் காலராவும் கடல் தாண்டி வந்துவிடக் கூடாது என்று, தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நிறுத்திச் சோதித்து, பிறகுதான் கப்பலுக்கு அனுப்புவார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம்! பாம்பன் பாதை வந்தபின் அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது.

அந்த முகாமோடு சேர்ந்த ஒரு பொருளை இன்று முக்கியமாகச் சொல்ல வேண்டும். தகர டிக்கெட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஏற்பாடு அது. சின்ன உலோக வில்லை. அதில் ஓர் எழுத்தும் எண்களும் அடித்திருக்கும். எழுத்து எந்தத் தோட்ட வட்டாரம் என்பதைச் சொல்லும், எண் எந்தத் தோட்டம் என்பதைச் சொல்லும், இன்னோர் எண் அந்த ஆளுக்கு உரியது. தோட்டத்திலிருந்து கங்காணி இந்த வில்லைகளை வாங்கிக்கொண்டு ஊருக்கு வருவார். ஆள் சேர்ப்பார். சேர்ந்தவர் கழுத்தில் கயிற்றில் கோத்து ஒன்று தொங்கும். முகாமில் அதைக் காட்டினால் போதும். சோறு, ரயில், கப்பல் எல்லாம் நடக்கும். செலவு அந்த எண்ணுள்ள தோட்டத்தின் கணக்கில் ஏறும். அப்புறம் அது எப்படியோ சுற்றிவந்து அந்த ஆளின் கடனாக நிற்கும், அது வேறு கதை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முதல் வகுப்புக்காரரின் டிக்கெட்டில் அவர் பெயர் இருந்தது. டெக்கில் போனவரின் வில்லையில் அவர் பெயர் இல்லை, தோட்டத்தின் எண்தான் இருந்தது. நூறு வருஷம் கழித்து அவர் பேரன் கையில் அது கிடைத்தால், தாத்தாவின் பெயர் அதில் தெரியாது. ஆனால் அவர் எந்த மலையில் எந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார் என்று கண்டுபிடிக்க முடியும். பீங்கான் தட்டு நூறு வைத்திருப்பவரைவிட இப்படி ஒரு வில்லை வைத்திருப்பவரைத்தான் நான் தேடிப்போவேன்.

சரி, இப்போது சுதேசிக் கப்பலுக்கு வருகிறேன்.

1906 அக்டோபரில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நாம் ஒரு மனிதரின் வீரமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் அது பங்குக் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் என்று 40,000 பங்கு. பாண்டித்துரைத் தேவர் தலைவர், சிதம்பரம் பிள்ளை உதவிச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு வாங்கினார், அதாவது 2 லட்சம் ரூபாய். மீதியை ஊர் ஊராக அலைந்து சேர்த்தார்கள். 25 ரூபாய் அன்றைக்குச் சின்னத் தொகை இல்லை. லாபக் கணக்கு மட்டும் பார்த்தவர் அந்தப் பணத்தை நிலத்திலோ வட்டியிலோ போட்டிருப்பார்.

முதலில் பம்பாய்க் கம்பெனி ஒன்றின் கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கொடுத்த நெருக்குதலில் அந்தப் பம்பாய்க்காரர்கள் தங்கள் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வாடகைக் கப்பலை நம்பினால் ஆகாது என்று தெரிந்த பிறகுதான் சொந்தக் கப்பல். 1907-இல் காலியாவும் லாவோவும் வந்தன. எட்டயபுரத்துக்காரர் பாரதி தம் 'இந்தியா' பத்திரிகையில் இந்தக் கம்பெனிக்காக எழுதியதெல்லாம் இந்த நாட்களில்தான்.

கட்டணப் போட்டி உங்களுக்குத் தெரிந்ததே. பி.ஐ. ஒரு ரூபாய்க்கு இறக்கியது, சுதேசிக்காரர்கள் எட்டணாவுக்கு இறக்கினார்கள். கடைசியில் பி.ஐ. சும்மாவே ஏற்றிக்கொண்டு போய், ஆளுக்கொரு குடையும் இனாமாகக் கொடுத்தது என்று சொல்வார்கள். ஒரு வேண்டுகோள்: யார் வீட்டிலாவது அந்தக் குடை இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். (சிரிப்பு.) சிரிக்காதீர்கள். குடை போனாலும் கைப்பிடி போகாது.

இந்தக் கதையிலும் டெக் பயணியைப் பாருங்கள். சும்மா கூட்டிப்போகிறேன், குடையும் தருகிறேன் என்று ஒருவன் கூப்பிடுகிறான். எட்டணா கொடுத்து எங்கள் கப்பலில் வா என்று இன்னொருவன் கூப்பிடுகிறான். எட்டணா கொடுத்து ஏறியவர்கள் இருந்தார்களே! அவர்கள் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் பெயரோடு இல்லை. பங்கு வாங்கியவரின் பெயராவது கம்பெனிப் பதிவேட்டில் ஏறியது. டிக்கெட் வாங்கியவரின் பெயர் எங்கே ஏறியது? எனக்கு அவர்கள்மேல் தனி மரியாதை உண்டு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் பஞ்சாலையில் வேலைநிறுத்தம். மார்ச் 12-இல் சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொதித்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு உயிர் போனது. ஜூலையில் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது. அவர் கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருந்தபோது இங்கே கம்பெனியை இழுக்க ஆளில்லை. 1911-இல் அது கலைக்கப்பட்டது. காலியா, எந்தக் கம்பெனியை எதிர்த்து வந்ததோ அந்த பி.ஐ.யிடமே விலைக்குப் போனது. அவர் 1912 கடைசியில் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

செக்கைப் பாதுகாத்தோம். சென்னை காந்தி மண்டபத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். 1972-இல் அவர் நூற்றாண்டுக்குத் தபால்தலை வந்தது. 2011-இல் துறைமுகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். எல்லாம் சரி. ஆனால் கம்பெனியின் பங்குப் பத்திரம், ரசீது, சரக்குச் சீட்டு, டிக்கெட் துண்டு? இவைதானே கப்பல் ஓடியதற்குச் சாட்சி! தியாகத்துக்குக் காட்டிய அக்கறையில் கால்பங்கை வியாபாரத்துக்கும் நாம் காட்டியிருக்கலாம். அவர் நடத்தியது ஒரு வியாபாரமும்தான், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

தூத்துக்குடியை விட்டுக் கொஞ்சம் வெளியே போனால், நம் பக்கத்து ஆட்கள் மலாயாவுக்குப் போன கப்பல் ரஜூலா. அதுவும் பி.ஐ. கப்பல். 1926-இல் கட்டியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிப் பினாங்கு, சிங்கப்பூர் என்று போகும். ஆரம்பத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. ஒரு கப்பலில் ஒரு கிராமம் இல்லை, நாலு கிராமம். 1973 வரை ஓடியது. "ரஜூலாவில் வந்தவர்" என்று சொன்னால் புரிந்துகொள்கிற கிழவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

இனி திரும்பி வந்தவர்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அதே வருஷம் டிசம்பரில் புயல் தனுஷ்கோடியைத் தின்றது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்கு இராமானுஜம் என்ற கப்பல் ஓடியது. இலங்கையின் தேயிலை மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், தாத்தா விட்டுப்போன ஊருக்கு அதில் "திரும்பி" வந்தார்கள். மண்டபம் முகாமில் குடும்ப அட்டை கொடுத்தார்கள். நம் பக்கத்திலும் அப்படி வந்த குடும்பங்கள் உண்டு. போகும்போது கழுத்தில் வில்லை, வரும்போது கையில் அட்டை. இரண்டும் ஒரே வீட்டுப் பெட்டியில் இருந்தால் அந்த வீட்டின் மூன்று தலைமுறையும் அதற்குள் இருக்கிறது. எண்பதுகளில் இலங்கையில் சண்டை வந்து அந்தக் கப்பலும் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்று ஒன்றை விட்டார்கள். அந்த வருஷமே நின்றுபோனது. அதன் டிக்கெட் வைத்திருப்பவர்களும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐம்பது வருஷத்தில் அதுவும் அபூர்வம் ஆகிவிடும்.

இப்போது வீட்டு வேலை. பழைய காகிதம் கிடைத்தால் நம் ஆட்கள் முதலில் செய்வது லேமினேஷன். செய்யாதீர்கள். சூடு பட்டு ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம், சில வருஷத்தில் மஞ்சள் கறை காகிதத்தில் ஊறிவிடும். உலோக வில்லையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள் ஆச்சிமார்களே, விளக்கு இல்லை அது. தேய்த்தால் எண் போய்விடும், எண் போனால் தோட்டம் போய்விடும். போட்டோவின் பின்னால் பேனாவால் எழுத வேண்டாம். மெல்லிசாகப் பென்சிலால் எழுதுங்கள்: யார், எந்த ஊர், யார் சொன்னது. அந்த மூன்றாவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

(முன்வரிசையில் ஓர் அண்ணாச்சி எழுந்து, "இதுக்கெல்லாம் விலை உண்டா தம்பி?" என்று கேட்டார்.)

உண்டு அண்ணாச்சி. அதனால்தான் போலியும் வரும். சுதேசிக் கம்பெனிப் பத்திரம் என்று யாராவது நீட்டினால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எழுத்தும் படமும் வரிசையான புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்காலத்து ஆப்செட் நகல். அச்சுக்கோத்து அடித்ததானால் பின்பக்கம் விரலால் தடவும்போதே எழுத்தின் அழுத்தம் தட்டுப்படும். காகிதம் பழுப்பாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், டீத்தண்ணியில் முக்கினால் எதுவும் பழுப்பாகும். விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். ஆனால் விற்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் நான் இங்கே வாசல் மேஜையில்தான் இருப்பேன். யாராவது எதையாவது கொண்டுவந்திருந்தால் காட்டுங்கள், லென்ஸ் என் பையில் இருக்கிறது.