பழைய எம்டிபி-க்கு டிராப் பார் போடலாமா? மொதல்ல டேப்பை எடுங்க

வணக்கம் மக்களே, சவுண்டு கேக்குதா, காத்து கொஞ்சம் ஓவரா அடிக்குது, பரவால்ல ஓட்டிடலாம். காவேரிப்பட்டணம் தாண்டி ஒரு மாந்தோப்பு ஓரத்துல நிக்கிறேன், பின்னாடி மரத்துல சாஞ்சு நிக்குது பாருங்க, அதான் இன்னிக்கு மேட்டர். 26 இஞ்ச் எம்டிபி, அதாவது மவுண்டன் பைக்கு, இரும்பு ஃபிரேமு, ஃப்ரண்ட்லயும் சாதா ஃபோர்க்கு, ஷாக் எதுவும் இல்ல, 90ஸ் கிட்ஸ் வெச்சிருந்த டைப்பு. அதுல இருந்த நேர் ஹேண்டிலைத் தூக்கிட்டு ரேஸ் சைக்கிளுக்கு வர்ற வளைஞ்ச டிராப் பார் போட்டிருக்கேன். வழில பாத்தவங்க எல்லாம் கேக்குறது ஒரே கேள்விதான், "என்கிட்டயும் பழைய வண்டி ஒண்ணு கெடக்கு, அதுலயும் இதைப் போடலாமா?" பாதி வண்டில போடலாம், பாதி வண்டில தயவு செஞ்சு போடாதீங்க. எந்தப் பாதினு கண்டுபிடிக்கிறதுதான் வேலையே, ஸ்பேனர் வேலை எல்லாம் அப்புறம்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இது ஏதோ ரீல்ஸ் பாத்து வந்த புதுப் பைத்தியம்னு நெனச்சுடாதீங்க. 1987லயே பிரிட்ஜ்ஸ்டோன் எம்பி-1னு ஒரு மவுண்டன் பைக்கு கம்பெனிலயிருந்தே டிராப் பாரோட வந்துச்சு. 1990ல அமெரிக்காவுல கொலராடோ பக்கம் துராங்கோல மவுண்டன் பைக் வேர்ல்டு சாம்பியன்ஷிப் நடந்தப்ப ஜான் டோமாக்னு ஒரு ரேஸர் யெட்டி கம்பெனி வண்டில டிராப் பார் போட்டுத்தான் எறங்குனாரு, அந்த வருஷம் அவரு ரோடு ரேஸ் டீம்லயும் ஓட்டிட்டு இருந்தாரு, ரெண்டு வண்டிலயும் உக்காருற பொசிஷன் ஒண்ணாவே இருக்கணும்ல, அதான். கல்லு மண்ணுல அவ்ளோ ஸ்பீடுல அந்த ஹேண்டிலைப் புடிச்சிட்டு எறங்குன மனுஷன், நம்ம ஏரிக்கரை ரோட்டுல நாம ஓட்டுறதுக்கு என்ன.

நம்ம ஊருக்கு இது ஏன் செட்டாகுதுன்னா, கிருஷ்ணகிரில இருந்து தருமபுரி வரைக்கும் சர்வீஸ் ரோடு புடிச்சுப் போறவங்களுக்குத் தெரியும், வெட்டவெளி, எதிர்க்காத்து மூஞ்சில அடிக்கும், நேர் ஹேண்டில்ல நெஞ்சைத் தூக்கிட்டு உக்காந்தா பாதி சக்தி காத்துக்கே போயிடும். டிராப் பார்ல குனிஞ்சுக்கலாம், மேல புடிக்கலாம், லிவர் மேல கை வெச்சுக்கலாம், கை மரத்துப் போனா இடம் மாத்திக்கிட்டே போலாம். ஆனா அதே ரைடுல திடீர்னு ரோட்டை விட்டு எறங்கி தோப்பு வழி மண் ரோடு, கிரானைட் குவாரி லாரி ஓடி ஓடிக் குண்டும் குழியுமா ஆன ரோடுன்னு போகும்போது ஒல்லி டயரு ரோடு பைக்கு அழுதுடும், 26 இஞ்ச் குண்டு டயரு கண்டுக்கவே கண்டுக்காது. கடைல தார் ரோடு, மண் ரோடு ரெண்டுக்கும்னு கிராவல் பைக்குன்னு விக்கிறாங்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். அதுக்கு 700சிங்கிற ரோடு பைக் சைஸ் டியூப்பு வேணும்னா ஓசூர் போகணும் இல்ல ஆன்லைன்ல போட்டுட்டு காத்துட்டு இருக்கணும், 26 இஞ்ச் டியூப்பு பாலக்கோட்டுல பஞ்சர் கடைல ஆணில தொங்கும்.

அந்த 26லயும் ஒரு சிக்கல் இருக்கு, சொல்லிடுறேன். டயர் மேல 26 x 1⅜ன்னு பின்னத்துல எழுதியிருந்தா அது 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு, 26 x 1.95, 26 x 2.125ன்னு புள்ளி வெச்சு எழுதியிருந்தா 559 மில்லிமீட்டர் ரிம்முக்கு. ரெண்டும் 26தான், ஒண்ணு இன்னொண்ணுல உக்காராது. எம்டிபிக்கு புள்ளி வெச்சதைக் கேட்டு வாங்குங்க.

சரி, மெயின் மேட்டர். நேர் ஹேண்டில்ல உங்க கை ஹேண்டில் இருக்கிற லைன்லயே, சொல்லப்போனா ஒரு துளி பின்னாடிதான் நிக்கும். டிராப் பார் போட்டா அதே ஸ்டெம்முல இருந்து, அதான் ஹேண்டிலை ஃபோர்க்கோட சேத்துப் புடிக்கிற துண்டு, பார் முன்னாடி வளைஞ்சு ஒரு 75, 80 மில்லிமீட்டர் போகுது, அதுக்கு மேல பிரேக் லிவரோட தலை வேற இருக்கு, ஆக மொத்தம் கை ஒரு ஜாண்ல பாதிக்கு மேல முன்னாடி போயிடும். மவுண்டன் பைக் ஃபிரேம் மேல் பார் ஏற்கனவே ரோடு பைக்கை விட நீளம், ஏன்னா அது நேர் ஹேண்டிலுக்குன்னு கணக்குப் போட்டுச் செஞ்சது. நீளத்து மேல நீளம் சேந்தா என்ன ஆகும், கிணத்துல எட்டித் தண்ணி சேந்துற மாதிரியே பூராத் தூரமும் ஓட்டணும், கழுத்து போயிடும், இடுப்பு போயிடும், கடைசில "டிராப் பாரே வேஸ்ட்டு"ன்னு கழட்டி பரண்ல போட்டுடுவீங்க. பாருல ஒரு குத்தமும் இல்ல, அளக்காம வாங்குனதுதான் பிரச்சனை.

இதுல பழைய வண்டிக்கு ஒரு லக்கு இருக்கு. 80ஸ் கடைசி, 90ஸ் ஆரம்பத்துல வந்த வெளிநாட்டு எம்டிபி எல்லாம், பெங்களூர்ல செகண்ட்ஸ்ல கெடைக்குமே, அதுல ஸ்டெம்மு 12, 13 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதைக் கழட்டிட்டு 5, 6 சென்டிமீட்டர்ல கொஞ்சம் உயரமான குட்டை ஸ்டெம்மு போட்டீங்கன்னா முன்னாடி போன கை பாதிக்கு மேல திரும்பி வந்துடும். இப்ப வர்ற புது எம்டிபில ஃபிரேமை இன்னும் நீளமாக்கி ஸ்டெம்மை ஏற்கனவே குட்டையாக்கிட்டாங்க, அதுல இனிமே கொறைக்க ஒண்ணுமே இல்ல. அதான் பழசைத் தேடுறது, ஸ்டைலுக்காக மட்டும் இல்ல. நம்ம ஊர் பிராண்டு இரும்பு எம்டிபில பெரும்பாலும் ஒரே சைஸ் ஃபிரேமுதான் வரும், அதனால உங்க உயரம் என்னங்கிறது இன்னும் முக்கியம், குள்ளமா இருக்கவங்க ரெண்டு தடவை அளங்க.

எப்படி அளக்கிறது? ஃப்ரெண்டு யார்கிட்டயாவது உங்களுக்கு வசதியா இருக்கிற ரோடு பைக் இருந்தா சீட்டு மூக்குல இருந்து பிரேக் லிவர் தலை வரைக்கும் டேப் புடிங்க. அப்புறம் உங்க எம்டிபில சீட்டு மூக்குல இருந்து ஹேண்டில் நடு வரைக்கும் புடிச்சு, வாங்கப்போற பாரோட ரீச்சையும், அதாவது அது முன்னாடி வளைஞ்சு போற நீளத்தையும், லிவர் தலைக்கு ஒரு மூணு நாலு சென்டிமீட்டரையும் கூட்டுங்க. ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை ஸ்டெம்முல கொறைக்க முடிஞ்சா வண்டி பாஸு. முடியலன்னா சீட்டை முன்னாடி தள்ளி சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க, முட்டி வலி வரும், சீட்டு இடம் காலுக்காக வெக்கிறது, கைக்காக இல்ல.

இன்னொரு ஃபெயில் லிஸ்ட்டு. முன்னாடி பின்னாடி ஸ்பிரிங் ஷாக் வெச்சு குதிரை கணக்கா குதிக்குமே அந்த வண்டி, வேணாம். சீட்டு போஸ்ட்டு துருப்புடிச்சு ஃபிரேமோட ஒட்டிப்போயிருந்தா வேணாம், வாங்கும்போதே சீட்டை லூஸ் பண்ணி மேல கீழ ஆட்டிப் பாருங்க. பெடல் கிராங் இருக்கிற இடத்துக்கு அடில விரலால தட்டிப் பாருங்க, துரு செதில் செதிலா கொட்டுனா காயலான் கடைக்காரருக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.

வண்டி பாஸாயிடுச்சுன்னு வெச்சுக்குவோம். இப்ப பாரும் ஸ்டெம்மும். பழைய எம்டிபி ஸ்டெம்மு வாய் 25.4 மில்லிமீட்டர். பழைய ரோடு டிராப் பார் நடு 26.0, புதுசு 31.8. 0.6 மில்லிமீட்டர்தானேன்னு 26 பாரை 25.4 ஸ்டெம்முல அடிச்சு எறக்காதீங்க, அலுமினிய ஸ்டெம்மு விரிஞ்சு அங்கயே கீறல் விடும், அது விட்டதே தெரியாது, ஒரு நாள் எறக்கத்துல தெரியும். 25.4 பாரே கேட்டு வாங்குங்க, இல்ல ஸ்டெம்மையும் சேத்து மாத்துங்க. ஸ்டெம்மு மாத்துறீங்கன்னா ஃபோர்க்குக்குள்ள போற தண்டு சைஸையும் பாருங்க, 22.2 இருக்கு, 25.4 இருக்கு, பழசைக் கழட்டிக் கையோட கடைக்கு எடுத்துட்டுப் போயிடுறது பெஸ்ட்டு.

இங்க ஒரு ட்ரிக்கு, கேமராவைக் கிட்ட கொண்டு வரேன், பாருங்க. இந்த மாதிரி ஒத்தை போல்ட்டு ஸ்டெம்முல முன்பக்கம் திறக்காது, பாரை ஒரு முனையில இருந்து கோத்துக்கிட்டே வரணும், நேர் ஹேண்டில் சர்ர்னு வந்துடும், டிராப் பார் வளைவுல மாட்டிக்கும். போல்ட்டைப் பூராக் கழட்டுங்க. ஸ்டெம்மு வாய்ல பிளவு இருக்கு பாருங்க, அதுக்குள்ள ஒரு ரூபாய் காசைச் சொருகுங்க. இப்ப அதே போல்ட்டை எதிர்ப்பக்கத்துல இருந்து, மரை இருக்கிற பக்கத்துல இருந்து விடுங்க, திருகத் திருக போல்ட்டு முனை காசை முட்டும், வாய் லேசா விரியும். லேசாத்தான், பாரு திரும்புற அளவுக்கு, கால் கால் சுத்தா போங்க. வளைவு வர்ற இடத்துல பாரைச் சுழட்டிச் சுழட்டி விட்டா தானா வரும், கீறலும் விழாது. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் இதைப் பாத்துட்டு "ஒரு ரூபாக்கு இப்பதான் மதிப்பு வந்துருக்கு தம்பி"ன்னாரு.

அடுத்து பிரேக்கு, இதுல விளையாட்டே வேணாம். பழைய எம்டிபி பிரேக் லிவரை டிராப் பார்ல மாட்ட முடியாது, அது 22.2 பாருக்கு, டிராப் பார் 23.8. ரோடு லிவர்தான் வாங்கணும். வாங்குனதும் உங்க வண்டில என்ன பிரேக்குன்னு பாருங்க. நடுவுல ஒயர் முக்கோணமா பிரிஞ்சு ரெண்டு கைக்கும் போனா கேன்டிலிவர், ரோடு லிவரோட ஜோரா வேலை செய்யும், யோசிக்கவே வேணாம். உயரமா ரெண்டு கை நின்னு ஒயர் ஒரு சைடுல வளைஞ்ச குழாய் வழியா வந்தா வி-பிரேக், 1996 வாக்குல ஷிமானோ கொண்டு வந்தது, அதுக்கு லிவர் ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஒயரை இழுக்கணும். சாதா ரோடு லிவர் அவ்ளோ இழுக்காது, பிரேக் கட்டையை ரிம்முல உரசுற அளவுக்கு ஒட்டி வெச்சாத்தான் புடிக்கும், ரிம்மு கொஞ்சம் ஆடுனாலும் உரசும், கட்டை தேஞ்சுட்டா லிவர் பாருல வந்து இடிக்கும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் எறக்கத்துல லிவர் பாருல இடிச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுக்கு வி-பிரேக்குக்குன்னே செஞ்ச டிராப் லிவர் இருக்கு, டெக்ட்ரோ ஆர்எல்520ன்னு தேடுங்க. காசு மிச்சம் பண்ணணும்னா பிரேக் கையை மாட்டுற அதே குமிழ்ல வி-பிரேக்கைக் கழட்டிட்டு கேன்டிலிவர் மாட்டிக்கலாம், நான் அதைத்தான் பண்ணிருக்கேன்.

கேன்டிலிவர்ல ஒரு கண்ணுக்குத் தெரியாத வேலை இருக்கு. சில பழைய ஸ்டெம்முல முன் பிரேக் ஒயரைத் தாங்குற ஓட்டை ஸ்டெம்முலயே இருக்கும். நாம தான் ஸ்டெம்மைத் தூக்கிட்டோமே, இப்ப ஒயர் எங்க நிக்கும்? ஹேண்டில் திரும்புற இடத்துல இருக்கிற ஹெட்செட் நட்டுக்கு நடுவுல மாட்டுற ஹேங்கர்னு ஒரு தகடு வரும், அதையும் சேத்து வாங்கிடுங்க, இல்லன்னா எல்லாத்தையும் மாட்டிட்டு கடைசில திருதிருன்னு முழிக்கணும். ஒயரும் அப்படித்தான், எம்டிபி ஒயர் தலை உருளையா இருக்கும், ரோடு லிவருக்கு பேரிக்காய் ஷேப்ல சின்னத் தலை. சில ஒயர்ல ரெண்டு முனையிலயும் ரெண்டு தலை இருக்கும், வேணாத தலையை வெட்டிப் போட்டுக்கலாம்.

கியரு? என் வண்டில கியரே இல்ல, நிம்மதி. கியர் இருந்தா ரொம்ப மூளையைக் கசக்காதீங்க, ஃப்ரிக்ஷன் லிவரு, பாரு முனையில மாட்டுற டைப்போ ஸ்டெம்முல மாட்டுற டைப்போ, டிக் டிக்னு சத்தம் வராது, கைப்பழக்கத்துல தள்ளிக்கணும், ஆனா எந்த டீரெய்லரோடயும், அதான் செயினைப் பல்லு மாத்தித் தள்ளுற பார்ட்டு, ஒத்துப்போகும். பிரேக்கும் கியரும் ஒண்ணா இருக்கிற ஷிமானோ லிவர் வேணும்னா 8 ஸ்பீடு, 9 ஸ்பீடு ரோடு லிவர் அதே ஸ்பீடு ஷிமானோ எம்டிபி பின் டீரெய்லரோட வேலை செய்யும், 10 ஸ்பீடுக்குப் போனா ஒத்துக்காது. முன் டீரெய்லர் எதுலயும் தகராறுதான், ஒத்தை செயின் வீலு வெச்சுக்கிட்டு முன்பக்கத்தை மறந்துடுங்க. இதுல மத்த பார்ட்டை விட லிவர்தான் பர்ஸைப் பதம் பாக்கும், அதனால செகண்ட்ஸ் தேடுங்க.

ரூட்டு கேப்பீங்க. தொப்பூர் கணவாய்ல சைக்கிளைக் கொண்டு போகாதீங்க, பிரேக் சூடாகி லாரி வர்ற எறக்கம் அது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் ரோடு சூப்பர், ஆனா யானை நடமாட்டம் இருக்கு, விடியக்காலைலயும் பொழுது சாஞ்சும் வேணாம். நமக்கு கிருஷ்ணகிரி டேம் சுத்து, தோப்பு ரோடு, ஏரிக்கரை, இது போதும்.

கடைசியா பாருல சுத்துற டேப்பு. பாரு கீழ் முனையில ஆரம்பிச்சு மேல சுத்திட்டு வாங்க, மேல இருந்து கீழ சுத்துனா கை அழுத்தத்துல விளிம்பு சுருண்டுக்கும். முனையில பிளாஸ்டிக் பிளக்கு வரும், அதை அடிச்சு உள்ள தள்ளிடுங்க. பிளக்கு இல்லாத பைப்பு முனை விழுந்தா வயித்துலயும் தொடையிலயும் வட்டமா வெட்டும், அதனால பிளக்கு தொலைஞ்சா ஒயின் பாட்டில் கார்க்கையாவது வெட்டிச் சொருகிட்டு ஓட்டுங்க, எங்க கெடச்சுதுன்னு வீட்டுல கேட்டா அது உங்க பாடு. வெயில் ஏறுது, நான் கெளம்புறேன், அளந்துட்டு வந்து நம்பரைச் சொல்லுங்க பாப்போம்.