எந்தப் பேரில் இந்த மதிப்பெண்?

நேயர்களே, வணக்கம்.

தேவகோட்டை, காரைக்குடி வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்தோரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். பிள்ளைகளுக்குத் தமிழய்யா. மொழிப் பாடத்துக்கு மதிப்பெண் போடுவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டதும், பல வருடங்களுக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒரு பெண்பிள்ளைதான் நினைவுக்கு வந்தாள்.

'எங்கள் வீட்டு விழா' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். எட்டு மதிப்பெண். அவள் பிள்ளையார் நோன்பைப் பற்றி எழுதியிருந்தாள். திருக்கார்த்திகைக்குப் பின் இருபத்தோராம் நாள், 21 இழை நூலைத் திரியாக்கி மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். "இழை எடுத்துக்க ஆச்சி கூப்பிட்டாக. நெருப்பை எப்படி முழுங்குவது என்று நான் பட்டாலைத் தூணுக்குப் பின்னால் நின்றேன்" என்று தொடங்கியிருந்தாள். ஒற்றுப்பிழை நிறைய. ழகர ளகரம் மாறியிருந்தது. 'கூப்பிட்டாக', 'தந்தாக' என்று பேச்சு வழக்கு. தாள் முழுக்கச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு 4 போட்டேன். அதே தாள்கட்டில் ஒரு பையன் உரைநூலில் இருந்த தீபாவளிக் கட்டுரையை மனப்பாடம் செய்து, ஒரு பிழையும் இல்லாமல் எழுதியிருந்தான். அவனுக்கு 7.

தாளை வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வந்து கேட்டாள்: "ஐயா, நான் எழுதினது தப்பா இருக்கா, இல்ல நல்லா இல்லையா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் கேட்டது இரண்டு கேள்விகள். நான் கொடுத்ததோ ஒரே எண். அந்த நாலு, பிழைக்காகக் குறைத்ததா, கருத்துக்காகக் குறைத்ததா என்று எனக்கே தெரியவில்லை.

அன்று இராத்திரி என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். நகரத்தார் கணக்கு எழுதும் முறை தெரிந்தவர்களுக்குப் பேரேடும் ஐந்தொகையும் தெரிந்திருக்கும். அன்றன்றைய வரவு பற்று 'குறிப்பு' என்ற நாளேட்டில் ஏறும். குறிப்பிலிருந்து பேரேட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு தொகையும் யார் கணக்கு, எதன் கணக்கு என்று அதனதன் பேரில் உட்கார வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஐந்தொகை எடுக்கும்போது வரவும் பற்றும் ஒட்டவில்லை என்றால், எந்தப் பேரில் தவறியது என்று தேடிப் பிடிக்கலாம். சின்ன வயதில் நான் போய் ஏதாவது தொகையைச் சொன்னால் அப்பா நிமிராமலே, "எந்தப் பேரில்?" என்று கேட்பார். நான் போட்ட நாலுக்குப் பேர் இல்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இந்தச் சிக்கல் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற ஆய்வாளர்கள் இருவர் பள்ளி மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 ஆசிரியர்கள் திருத்தியது கைக்கு வந்தது. நூற்றுக்கு என்று போட்டதில், ஒரே தாளுக்கு ஒருவர் 64 போட்டிருந்தார், இன்னொருவர் 98. மற்றொரு தாளில் இடைவெளி இதைவிட அகலம். 1961இல் பால் டீடரிக் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது படிகளில் தரம் பிரிக்கச் சொன்னார்கள். நூறுக்கு மேற்பட்ட கட்டுரைகளுக்கு ஒன்பது படிகளுமே விழுந்திருந்தன. ஒரே கட்டுரை ஒருவருக்கு முதல் தரம், இன்னொருவருக்குக் கடைசி.

அத்தனை பேரும் படித்தவர்கள், அக்கறையோடு திருத்தியவர்கள். பிறகு ஏன் இப்படி? டீடரிக் குழுவினர் மதிப்பெண்களையும் குறிப்புகளையும் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒரு சாரார் கருத்தைப் பார்த்தார்கள். ஒரு சாரார் பிழையை எண்ணினார்கள். சிலர் அமைப்பையும் சிலர் சொல்லாட்சியையும் பார்த்தார்கள். வேறு சிலருக்கு எழுதியவரின் தனிச்சாயல்தான் பெரிதாகப் பட்டது. ஆளுக்கொரு பேரில் கணக்கு எழுதிவிட்டு, எல்லோரும் மொத்தத்தை மட்டும் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் பெண்ணுக்குச் செய்தது இதுதான். அவளிடம் பிழையை எண்ணினேன். பையனிடம் பிழை இல்லாததால் அவன் சொந்தமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்பதைப் பார்க்காமலே விட்டேன்.

என்னை நானே சோதித்தும் பார்த்தேன். இருபது கட்டுரைகளைத் திருத்தி, மதிப்பெண்ணைத் தாளில் எழுதாமல் தனிச் சீட்டில் பென்சிலால் குறித்து எடுத்துவைத்தேன். இரண்டு வாரம் கழித்து, சீட்டைப் பார்க்காமல் அதே தாள்களை மறுபடி திருத்தினேன். பாதிக்கு மேல் மாறியிருந்தது. இரண்டு தாள்களில் எட்டுக்கு மூன்று மதிப்பெண் வித்தியாசம். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் ஒரு தடவையாவது இதைச் செய்து பாருங்கள். மனசு கஷ்டப்படும், ஆனாலும் செய்யுங்கள்.

அதற்குப் பிறகு நான் திருத்தும் முறையை மாற்றினேன். பொதுத்தேர்வைப் பற்றிப் பேசவில்லை. அங்கே விடைக்குறிப்பு உண்டு, மாணவர் பெயர் தெரியாது, திருத்தியதைக் கூர்ந்தாய்வாளர் பார்ப்பார், முதன்மைத் தேர்வாளர் பார்ப்பார். வருடம் முழுக்க வகுப்பில் நாமே வைத்து நாமே திருத்தும் தேர்வுகளுக்குத்தான் அப்படி ஒரு கட்டுக்காவலும் இல்லை.

கட்டுரையின் எட்டு மதிப்பெண்ணைப் பேர் பேராகப் பிரித்தேன். கருத்துக்கு 3, கோவையாகச் சொல்வதற்கு 2, சொல்லாட்சிக்கு 2, பிழையின்மைக்கு 1. இதை எழுதும் முன்பே கரும்பலகையில் போட்டுவிடுவேன். பிழைக்கு ஒன்றுதானா என்று சக ஆசிரியர்கள் சண்டைக்கு வந்தார்கள். இலக்கண வினாக்கள் தனியாக இருக்கின்றனவே, அங்கே ஒற்றுக்கு முழு மதிப்பெண் குறையட்டும் என்றேன். ஒரே பிள்ளையை ஒரே குறைக்காக இரண்டு இடத்தில் தண்டிப்பது சரியில்லை என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றமில்லை. 'பள்ளி' என்பதை ஆறு இடத்தில் 'பல்லி' என்று எழுதியிருந்தால் அது ஆறு பிழையில்லை. தெரியாத ஒரு விஷயம் ஆறு தடவை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

வட்டார வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'கூப்பிட்டாக' என்பது இந்த மண்ணில் மரியாதைச் சொல். ஆச்சியும் அப்பச்சியும் பேசுகிற தமிழ். உரையாடலில் ஒரு பிள்ளை அதை எழுதினால் அது பிழையே இல்லை. விண்ணப்பக் கடிதத்தில் எழுதினால் இடம் மாறி வந்திருக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சிவப்பு மையால் சுழித்தால், 'உன் வீட்டுப் பேச்சு தப்பு' என்றுதான் அந்தப் பிள்ளைக்குக் கேட்கும்.

வரிசையும் நம்மை ஏமாற்றும். அருமையான தாளுக்கு அடுத்து வரும் சுமாரான தாள் மோசமாகத் தெரியும். முதல் விடை நன்றாக இருந்தால் அந்த வெளிச்சத்திலேயே மற்ற விடைகளையும் படிப்போம். தார்ன்டைக் என்ற உளவியலாளர் இந்தச் சாய்வை 1920லேயே விளக்கி எழுதினார். அதனால் ஒரு பிள்ளையின் தாளை முழுதாகத் திருத்தாமல், ஒரே வினாவை எல்லோருக்கும் திருத்திவிட்டு, கட்டைக் கலைத்துப் போட்டு அடுத்த வினாவுக்குப் போவேன். பெயரைக் கடைசிப் பக்கத்தின் பின்னால் எழுதச் சொல்வேன். கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுக்கும்தான். இருந்தாலும் பெயர் கண்ணில் படாதது கொஞ்சமாவது உதவும்.

34 வாங்கிய பிள்ளையை 35க்குத் தூக்கிவிடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நானும் தூக்கிவிட்டிருக்கிறேன். இப்போது கேட்டால், நம் அளவுகோலால் 34ஐயும் 35ஐயும் பிரித்துக் காட்டவே முடியாது என்பேன். அதனால் எல்லையில் நிற்கும் தாளை இன்னொருவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். பாவம் பார்த்துப் போடும் ஒரு மதிப்பெண், யார்மேல் நமக்குப் பாவம் வருகிறது என்பதைப் பொறுத்தது. அமைதியாகப் பின்வரிசையில் இருக்கிற பிள்ளைக்கு அது கிடைக்காது.

இன்னொன்று, எனக்கு நெடுநாளாக ஆறாதது. 1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் காரைக்குடி. மேடைத்தமிழ் இந்த மண்ணில் வளர்ந்தது. ஆனால் பத்தாம் வகுப்புத் தமிழின் நூறு மதிப்பெண்ணும் எழுத்துக்குத்தான். பேச்சுக்கு ஒன்றும் இல்லை, கேட்டுப் புரிந்துகொள்வதற்கும் இல்லை. கட்டட வேலைக்கு வடக்கேயிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை என் கடைசி வகுப்பில் இருந்தான். இரண்டு வருடத்தில் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத் தமிழ் பேசினான். எழுத்துத் தேர்வில் 12. அந்தப் பன்னிரண்டைக் கூட்டிப் போடச் சொல்லவில்லை. அது எழுத்தின் பேரில் சரியான கணக்கு. பேச்சின் பேரில் அவனுக்கு வரவு இருந்ததே, அதை எழுத ஏடு இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 2001 முதல் ஆறு நிலைகள் கொண்ட ஒரு பொது வரையறை இருக்கிறது. கேட்பது, படிப்பது, பேசுவது, எழுதுவது ஒவ்வொன்றிலும் மாணவர் எதைச் செய்ய வல்லவர் என்று தனித்தனியாகச் சொல்லும். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேட்கிறேன்.

ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும் என்று நன்னூல் சொல்லும் உவமைகளில் ஒன்று நிறைகோல், அதாவது தராசு. ஐயம் தீரப் பொருளின் எடையைக் காட்டுவது, நடுநிலை தவறாதது, இரண்டும் தராசுக்கு வேண்டும் என்கிறார் நன்னூலை எழுதிய பவணந்தி. வெறும் நடுநிலை போதும் என்று அவர் விடவில்லை.

இப்போது எங்கள் தெருவில் ஓர் இளம் தமிழாசிரியை இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டோடு வருவார். முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து, ஐந்து தாள்களை மட்டும் இருவரும் தனித்தனியாகத் திருத்தி ஒப்பிடுவோம். போன மாதம் ஊருணியைப் பற்றிய கட்டுரை. ஒரு பையன் நாலே வரி எழுதியிருந்தான். "எங்க ஊருணியில் கால் வைக்கக் கூடாது. குடிக்கிற தண்ணி. அதனால் கரையில் நின்று என் முகத்தை மட்டும் அதில் வைத்துவிட்டு வருவேன்."

கருத்துக்கு நான் 3 போட்டிருந்தேன். அவர் 1. "ஐயா, மூணு செய்தி இருந்தா மூணுன்னு நீங்கதானே எழுதிப்போட்டீங்க? இதுல ரெண்டுதான் இருக்கு" என்றார். எண்ணிப் பார்த்தோம். இரண்டுதான். கடைசி வரியில் நான் மயங்கியிருந்தேன். 3ஐ அடித்து 2 ஆக்கினேன், அவரும் 1ஐ 2 ஆக்கினார். சொல்லாட்சிக்கு 1 போட்டிருந்தார். அந்தக் கடைசி வரியை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, அவரே அதையும் 2 ஆக்கினார். பிறகு தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'உங்கள் ஊருணியை யார் வெட்டினார்கள்? ஆச்சியைக் கேட்டு இன்னும் நாலு வரி எழுதிக்கொண்டு வா.'

வணக்கம்.