ஆச்சியின் கொழுக்கட்டையும் நாற்பது பக்க நோட்டும்

நடுவர் அவர்களே, இவ்வளவு நேரம் எங்கள் அணியைச் சிரித்துக்கொண்டே திட்டிய எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். எதிரணித் தலைவர் பேசிய பேச்சில் எனக்கே மறந்துவிட்டது. "பாட்டியின் பக்தியும் குடும்ப நினைவுகளும் பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது வீட்டுப் பழக்கத்தாலா, எழுதி வைக்கும் பதிவாலா?" பதிவால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒன்று சொன்னார். அவர் பாட்டி எதையும் எழுதி வைக்கவில்லையாம். பாட்டி விளக்கேற்றியதைப் பார்த்து அம்மா ஏற்றினாராம், அம்மாவைப் பார்த்து இவர் ஏற்றுகிறாராம். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். விளக்கு சரி. தினமும் ஏற்றுவது, தனியாளாக ஏற்றலாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பாட்டிமார் பக்தி முழுக்க விளக்கு மாதிரியே இருந்திருந்தால் எனக்கு இந்த மேடையில் வேலை இல்லை.

எங்கள் ஆச்சியின் பக்தி வேறு ரகம். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம், ஔவையார் நோன்பு. செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு என்றும் சொல்வார்கள். "அசந்தால் ஆடி, தப்பினால் தை, மறந்தால் மாசி" என்று ஒரு பேச்சு உண்டு. ஒரு மாதம் விட்டாலும் அடுத்ததில் பிடித்துவிடலாம் என்று கணக்கு. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஊர் அடங்கிய பிறகு பெண்கள் மட்டும் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆம்பிளை வாடையே ஆகாது. கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பச்சரிசி மாவில் உப்பில்லாமல் கொழுக்கட்டை. அதை ஆண்கள் தின்னவும் கூடாது, பார்க்கவும் கூடாது. வயதில் மூத்த ஒருத்தி கதை சொல்லுவாள். விடிவதற்குள் கழுவித் துடைத்து, அப்படி ஒன்று நடந்த தடமே இல்லாமல் செய்துவிடுவார்கள்.

(நடுவர் ஐயா முகம் மாறுகிறது. பயப்படாதீர்கள், ஊருக்கே தெரிந்ததை மட்டும்தான் சொன்னேன்.)

இந்த நோன்பு எங்கள் வீட்டில் எத்தனை தலைமுறையாக நடந்ததோ தெரியாது. ஆனால் எப்படி நின்றது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது, அவ்வளவுதான். இரண்டு படுக்கையறை உள்ள அபார்ட்மெண்ட். ஊரில் என்றால் ஆண்கள் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ படுத்துக்கொள்வார்கள். இங்கே அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். இரண்டு வருஷம் போனார். மூன்றாவது வருஷம் வாட்ச்மேன், "சார், வீட்டுல ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து நோன்பு இல்லை.

அம்மாவுக்குப் பக்தி குறைந்துபோனதா? இல்லவே இல்லை. இது ஒருத்தி தனியாகச் செய்கிற காரியமில்லை. மாவு இடிக்க, கொழுக்கட்டை பிடிக்க, கதைக்கு ஊம் கொட்ட நாலு பெண்கள் வேண்டும். எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம், பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கும். பழக்கம் ரத்தத்தில் ஓடும் என்று எதிரணியில் ஒரு தம்பி சொன்னாரே, அந்த ரத்தம் ஒரே ஒரு டிரான்ஸ்பர் ஆர்டரில் நின்றுபோனது, நடுவர் அவர்களே.

சரி, அப்புறம் என்ன மிஞ்சியது? ஒரு நாற்பது பக்க நோட்டு. நான் ஒன்பதாவது படித்தபோது பொங்கல் லீவுக்கு ஆச்சி ஊருக்குப் போயிருந்தேன். தை செவ்வாய். முதல் தடவையாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு பெரியம்மா முறைத்தார். ஆச்சிதான், "எழுதட்டும் விடு. ஏட்டி, எழுதிக்கோ, ஆனா உங்க தாத்தா கண்ணுல காட்டிராத" என்றார்.

அந்த நோட்டில் அரிசி எத்தனை படி, தேங்காய் எத்தனை என்று எல்லாம் இருக்கிறது. அன்றைக்கு வந்திருந்த பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவில் நான் ஏதோ கேட்டதற்கு ஆச்சி சொன்ன பதிலாக ஒரு வரி: "உங்க அப்பனுக்கு டைபாய்டு வந்து கிடந்த வருசம்தான் நான் இதை எடுத்தேன். அதுலருந்து விடலை."

எழுதும்போது அந்த வரி எனக்கு ஒன்றுமே இல்லை. ஆச்சி போய், அம்மா நோன்பை விட்டு, அதற்கும் பல வருஷம் கழித்து அலமாரியை ஒழித்தபோது நோட்டு கிடைத்தது. அந்த ஒரு வரியை மட்டும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்கு அப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. சின்ன வயசில் காய்ச்சல் வந்தது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. வருஷா வருஷம் செவ்வாய்க்கிழமை ராத்திரி தன்னைத் திண்ணைக்குத் துரத்தியது தனக்காகத்தான் என்று அவருக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? ஆண்களிடம் அதைப் பேசவே கூடாதே! பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போன மனுஷனுக்கும் தெரியாது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிரணிக்கு என் கேள்வி இதுதான். பழக்கம் கொழுக்கட்டையைக் கொண்டுவந்து சேர்க்கும், ஒப்புக்கொள்கிறேன். டைபாய்டை யார் கொண்டுவந்து சேர்ப்பது?

பழக்கத்தை மட்டும் நம்பினால் பக்தியே எதிரியாகக்கூட மாறும். உ.வே.சா. ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போன கதையை அவரே எழுதியிருக்கிறார். அங்கே பழைய ஏடுகளைக் குப்பையில் போடவில்லை. கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு பழக்கம். அப்படியே பயபக்தியோடு எரித்திருந்தார்கள். ஒரு குறையும் இல்லாத பக்தி, ஒரு ஏடும் மிச்சமில்லை. 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தவர் அங்கே போய் நின்றபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எதிரணி அம்மையார் யாழ்ப்பாண நூலகத்தைக் காட்டி மடக்கினார். 1981-ல் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்துபோனதே, பதிவு காப்பாற்றியதா என்றார். வலிக்கிற கேள்விதான். பதிலும் அதே யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே ஒரு வீட்டில் பெரியவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு சின்னப் புத்தகம் அடிப்பார்கள். "கல்வெட்டு" என்று பெயர், தாள்தான் ஆனாலும். நினைவு மலர் என்றும் சொல்வார்கள். இறந்தவர் எந்த ஊர், யார் மகள், யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார் என்று இருக்கும். கூடவே தேவாரம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம். வம்சமும் பக்தியும் ஒரே அட்டைக்குள். வந்தவர்கள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்புவார்கள். ஒரே கட்டிடத்தில் இருந்தது எரிந்தது. நூறு வீட்டுக்குப் போனதை எப்படி எரிப்பது? 2005-ல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இந்த மலர்களையும் தேடித் தேடி ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. டொரொண்டோவில் இருக்கிற பேத்தி தன் அம்மம்மாவின் ஊரை அதில் தேடி எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். செல்போனில் நாலாயிரம் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு "பதிவு செய்துவிட்டேன்" என்பவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு கல்யாணப் போட்டோ இருக்கிறது. ஏழு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். மூன்று பேர் யாரென்று தெரியும், மற்ற நாலு பேர் வெறும் பட்டுப்புடவை. பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுத ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பென்சில் என்றுதான் சொன்னேன், பால் பாயிண்ட் வேண்டாம், மை முன்பக்கம் ஊறிவிடும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். அந்த நோட்டில் ஒரு குறை உண்டு. ஆச்சி கதை சொல்ல ஆரம்பித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஏழு அண்ணன்களுக்கு ஒரே தங்கை, வீட்டில் வறுமை, வாசலில் ஔவைக் கிழவி வந்து நிற்கிறாள் என்பது வரை என் கையெழுத்து போகிறது. அதற்குக் கீழே ஒரு கோணல் கோடு. தூங்கிவிட்டேன். இன்றைக்கு அம்மாவுக்கும் மீதி முழுசாக நினைவில்லை. அன்றைக்கு வந்திருந்தவர்களில் இப்போது யாரும் இல்லை. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து அம்மாமார் யாராவது அவையில் இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்து அந்தக் கதையை எனக்குச் சொல்லுங்கள். நோட்டைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன்.

நடுவர் ஐயா, நீங்கள் மட்டும் அந்தப் பக்கம் வந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.